ஐஸ் குச்சிப் பாலம் எங்கே முதலில் உடையும்?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளுக்குப் பள்ளியில் ஒரு செயல்திட்டம் கொடுத்திருக்கிறார்கள். ஐஸ் குச்சியையும் வெள்ளைப் பசையையும் மட்டுமே கொண்டு ஒரு மாதிரிப் பாலம் செய்ய வேண்டும். ஆணி, நூல், கம்பி எதுவும் கூடாது. 38 செ.மீ. இடைவெளி விட்டுப் போட்ட இரண்டு மேசைகளின் மேல் அது உட்கார வேண்டும். எடை 150 கிராமுக்கு மிகக் கூடாது. நடுவில் ஒரு வாளியைத் தொங்கவிட்டு, பாலம் உடையும் வரை மணல் கொட்டுவார்கள். தாங்கிய எடையைப் பாலத்தின் எடையால் வகுத்து வருவதே மதிப்பெண். வளைவுப் பாலம், தொங்கு பாலம், முக்கோணங்களால் ஆன டிரஸ் பாலம் ஆகிய மூன்றில் எது வலுவானது, பசையை அதிகமாகப் பூசினால் வலு கூடுமா என்பவை அவருடைய கேள்விகள். மஞ்சக்குப்பத்தில் 200 குச்சிகள் வாங்கி வைத்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறார்.

ஐயா, நீங்கள் வடிவத்தைக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் எடையால் வகுக்கும் இந்த மதிப்பெண் முறை உங்கள் மகளிடம் கேட்பது வேறொன்று: பாலத்தில் முதலில் உடையப்போகும் இடம் எது, அந்த இடத்துக்கு மட்டும் மரத்தை எப்படிச் சேர்ப்பது, வேலையில்லாமல் நிற்கும் மரத்தை எங்கிருந்து எடுப்பது. நான் புதுச்சேரியில் ஒரு பாலிடெக்னிக்கில் 26 ஆண்டுகள் கட்டமைப்பியல் பாடம் நடத்தியவன். ஆண்டுதோறும் மாணவர்களைக் குச்சிப் பாலம் கட்டச் சொல்லி, அவற்றை உடைத்தும் பார்த்திருக்கிறேன். அழகான வடிவம் கொண்ட பாலங்கள் ஒரே ஒரு பலவீனமான இணைப்பால் வீழ்ந்ததையும், பார்வைக்குச் சாதாரணமான பாலங்கள் தங்கள் எடையைப் போல் முந்நூறு மடங்குக்கு மேல் தாங்கியதையும் கண்டிருக்கிறேன். ஆகவே வடிவத்தைச் சுருக்கமாக முடித்துவிட்டு, உடையும் இடங்களைப் பற்றி விரிவாக எழுதுகிறேன்.

வளைவுப் பாலம் தன் இரு கால்களையும் வெளிப்பக்கமாகத் தள்ளும். ஆற்றங்கரையில் பாறையோ கனத்த கட்டுமானமோ அந்தத் தள்ளுதலை வாங்கிக்கொள்ளும்; வழுவழுப்பான மேசை வாங்கிக்கொள்ளாது, கால்கள் வழுக்கி விரியும். தொங்கு பாலத்துக்கு வடத்தின் முனைகளை இறுகப் பிடித்துக்கொள்ளும் நங்கூரம் வேண்டும். உங்கள் விதிகளில் அதற்கும் இடமில்லை. எனவே டிரஸ் பாலமே பொருத்தம் என்று உறுதியாகச் சொல்லலாம். டிரஸ்ஸின் உட்பிரிவுகளில் எது சிறந்தது என்பதில் அந்த உறுதி எனக்கு இல்லை. ஹோவ் வகை 1840-லும், பிராட் வகை 1844-லும், வாரன் வகை 1848-லும் காப்புரிமை பெற்றவை. ஹோவ் தன் வடிவத்தில் சாய்வு உறுப்புகளை மரத்தாலும், இழுக்கப்படும் நிமிர்ந்த உறுப்புகளை இரும்புக் கம்பியாலும் அமைத்தார். மரத்தை இழுவிசையில் இணைப்பது கடினம் என்பது அன்றைய இரயில்பாதைப் பொறியாளர்களுக்கு நன்கு தெரிந்திருந்தது. கம்பி இல்லாத உங்கள் போட்டிக்கு நான் வாரன் வகையைத் தேர்வேன். ஒரே நீளமுள்ள குச்சிகளால் சமபக்க முக்கோணங்களாக அமைவதும், இணைப்புகளின் எண்ணிக்கை குறைவாக இருப்பதும் அதற்குக் காரணங்கள். பிராட் வகையை நேர்த்தியாகச் செய்தவர் வாரன் வகையை அவசரமாகச் செய்தவரை எளிதில் வெல்வார்.

முக்கோணம் ஏன் என்பதை உங்கள் மகளுக்கு விளக்க நம் கரையோரச் சவுக்குக் கழியே போதும். நான்கு கழிகளை நட்டு மேலே குறுக்குக் கழிகளைக் கட்டிய பந்தலைக் கையால் தள்ளினால் அசையும். கயிற்றுக் கட்டு என்னதான் இறுக்கமாக இருந்தாலும் சதுரம் சாய்சதுரமாகும். மூலைக்கு மூலை ஒரே ஒரு கழியைச் சாய்த்துக் கட்டியதும் அந்த ஆட்டம் நின்றுவிடும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த மறுநாள், வழிநெடுகச் சாய்ந்து கிடந்த கீற்றுக் கொட்டகைகளைப் பார்த்துக்கொண்டே போனேன். பலவற்றில் ஒரு கம்பம்கூட முறியவில்லை. சாய்வுக் கழி இல்லாததால் மொத்தமாக ஒரு பக்கம் படுத்திருந்தன. மூன்று பக்கங்களின் நீளம் மாறாதவரை முக்கோணத்தின் வடிவமும் மாறாது. இதில் ஐயத்துக்கு இடமே இல்லை.

இனி அளவுகள். வழக்கமான ஐஸ் குச்சி ஏறத்தாழ 114 மி.மீ. நீளம், 10 மி.மீ. அகலம், 2 மி.மீ. தடிமன் கொண்டது; எடை 1.3 கிராம் அளவில் இருக்கும். குச்சிகள் சந்தித்து ஒட்டும் இடமே கணு. கணுவிலிருந்து கணுவுக்கு 10 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் இரு முனைகளிலும் பசை பிடிக்க 7 மி.மீ. மிஞ்சும். கீழ் விளிம்பாக ஓடும் கீழ்ச்சட்டத்தில் 10 செ.மீ. கட்டங்கள் (இரு கணுக்களுக்கு இடைப்பட்ட பகுதிகள்) நான்கு, மேல் விளிம்பான மேல்சட்டத்தில் மூன்று, இடையில் எட்டுச் சாய்வுக் குச்சிகள்: இது ஒரு பக்க டிரஸ். இதைப் போல் இரண்டு செய்து 6 செ.மீ. இடைவெளியில் நிறுத்த வேண்டும். முனைக் கணுக்களுக்கு இடையிலான தூரம் 40 செ.மீ. ஆவதால், ஒவ்வொரு முனைக் கணுவும் மேசை விளிம்பிலிருந்து 1 செ.மீ. உள்ளே நேராக உட்காரும். இது சிறிய விவரம்போலத் தோன்றும். ஆனால் மேசை விளிம்பு இரு கணுக்களுக்கு நடுவே வந்துவிட்டால், இழுவிசைக்கு மட்டும் என்று வைத்த கீழ்க்குச்சி வளைவையும் சேர்த்துச் சுமக்க நேர்ந்து அங்கேயே முறியும்.

சமபக்க முக்கோணம் என்பதால் டிரஸ்ஸின் உயரம் சுமார் 8.7 செ.மீ. ஆகும். உயரம் பாதியானால் மேல்சட்டத்திலும் கீழ்ச்சட்டத்திலும் ஓடும் விசை இரட்டிப்பாகும் என்பதால், தட்டையான பாலம் கட்டுவது குச்சியை வீணாக்குவதே. அதற்காக உயரத்தைக் கூட்டிக்கொண்டே போனால் சாய்வுக் குச்சிகள் நீண்டு நெளியத் தொடங்கும். குச்சியின் முழு நீளத்தைப் பயன்படுத்தும் இந்த உயரம் நல்ல நடுவழி.

வாளியில் 40 கிலோ சேர்ந்துவிட்டதாக வைத்துக் கணக்கிடுவோம். ஒவ்வொரு டிரஸ்ஸுக்கும் 20 கிலோ. ஒவ்வொரு காலிலும் 10 கிலோ. அப்போது ஒவ்வொரு சாய்வுக் குச்சியிலும் சுமார் 11.5 கிலோ விசை இருக்கும். முனையிலிருந்து எண்ணினால் முதலாவது அமுக்கப்படும், இரண்டாவது இழுக்கப்படும், மூன்றாவது அமுக்கப்படும், நான்காவது இழுக்கப்படும். மறுபாதி இதன் பிம்பம். கீழ்ச்சட்டத்தின் முனைக் கட்டத்தில் 6 கிலோவுக்குச் சற்றுக் குறைவான இழுவிசையும், நடுக் கட்டங்களில் 17 கிலோவுக்குச் சற்று மேலும் இருக்கும். மேல்சட்டத்தின் ஓரக் கட்டங்களில் 11.5 கிலோ அமுக்கமும், நடுக் கட்டத்தில் 23 கிலோ அமுக்கமும் வரும். பாலம் முழுவதிலும் மிகப் பெரிய விசை இந்த 23 கிலோதான். இவை வடிவக் கணிதத்திலிருந்து வருபவை. குச்சி எந்த மரமானாலும் மாறாது. பத்தாம் வகுப்பு முக்கோணவியல் தெரிந்த யாராவது உதவினால் உங்கள் மகளே இவற்றைச் சரிபார்த்து, செயல்திட்ட ஏட்டில் எழுதலாம்.

அமுக்கத்தில் குச்சி எப்படித் தோற்கிறது என்பதுதான் இந்தப் போட்டியின் உயிர். ஒரு குச்சியைச் சமையலறைத் தராசின் மேல் செங்குத்தாக நிறுத்தி, மேல்முனையில் சிறு மரத்துண்டு வைத்து மெல்ல அழுத்திப் பாருங்கள். தராசின் எண் ஏறிக்கொண்டே வரும். ஐந்து கிலோவை ஒட்டி, குச்சி நசுங்காமல், முறியாமல், சட்டென்று பக்கவாட்டில் வில்லாக வளையும். அதற்குமேல் எவ்வளவு அழுத்தினாலும் எண் ஏற மறுக்கும்; வளைவு மட்டும் கூடும். கையை எடுத்தால் குச்சி பழையபடி நிமிர்ந்துவிடும். மரத்தின் வலிமை தீர்ந்துபோகவில்லை. மெலிந்த உடல் நெளிந்துவிட்டது, அவ்வளவே. இந்த நெளிவுக்கான சூத்திரத்தை லியோனார்ட் ஆய்லர் 1744-இல் வெளியிட்டார். அதிலிருந்து இரண்டு செய்திகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: நீளம் பாதியானால் தாங்கும் எடை நான்கு மடங்காகும், தடிமன் இரட்டிப்பானால் எட்டு மடங்காகும்.

மரத்தின் விறைப்பைச் சதுர மில்லிமீட்டருக்கு 10,000 நியூட்டன் என்று வைத்தால், 10 செ.மீ. நீளமுள்ள தனிக்குச்சி 6.7 கிலோவில் நெளியும். மேல்சட்டத்தின் நடுக்கட்டத்தில் தனிக்குச்சியை வைத்தால் வாளியில் 12 கிலோ சேர்வதற்குள் பாலம் முடிந்துவிடும். இரண்டு குச்சிகளை முகத்தோடு முகம் ஒட்டினால் மரம் இரு மடங்கு, தாங்குதிறன் எட்டு மடங்கு. அதே இரண்டு குச்சிகளுக்கு நடுவே 2 மி.மீ. இடைவெளி விட்டு, ஆங்காங்கே சிறு துண்டுகளை இட்டு ஒட்டினால், இரண்டும் முழுமையாக ஒத்துழைக்கும் பட்சத்தில் தனிக்குச்சியைப் போல் 26 மடங்கு தாங்கும். ஒரு குச்சியின் தட்டை முகத்தின் நடுவே இன்னொரு குச்சியை விளிம்பில் நிறுத்தி டி வடிவில் ஒட்டினாலும் ஏறத்தாழ அதே 26 மடங்குதான். நடைமுறையில் இதில் பாதி கிடைத்தாலும் நமக்குத் தேவையானதைவிட அதிகம். ஒரு குச்சியின் எடைக்கு இவ்வளவு பெரிய இலாபம் பாலத்தில் வேறெங்கும் கிடையாது.

இதிலிருந்து அமைப்பு தானாகவே உருவாகிறது. மேல்சட்டமும் கீழ்ச்சட்டமும் இரட்டைக் குச்சிகள், நடுவே 2 மி.மீ. இடைவெளி. சாய்வுக் குச்சிகளின் முனைகள் அந்த இடைவெளிக்குள் நுழைந்து இருபுறமும் பசை பிடிக்கும். அமுக்கப்படும் நான்கு சாய்வுக் குச்சிகளுக்கு மட்டும், சட்டங்களில் இடிக்காத அளவுக்கு வெட்டிய ஒரு துண்டை டி வடிவில் முதுகெலும்பாக ஒட்ட வேண்டும். இழுக்கப்படும் நான்கும் தனிக்குச்சியாகவே இருக்கட்டும். இழுக்கப்படும் குச்சிக்கு நெளிவு கிடையாது. மாணவர்கள் பொதுவாக எல்லாச் சாய்வுகளையும் ஒரே மாதிரி இரட்டிப்பாக்குவார்கள். அது சமச்சீராகத் தெரியும், ஆனால் இழுவிசைக் குச்சிகளில் போட்ட அந்த எட்டுக் குச்சிகள் எடையைத் தவிர எதையும் தருவதில்லை.

இடைவெளிக்குள் வைக்கும் சிறு துண்டுகளை அலட்சியம் செய்யாதீர்கள். கனடாவில் கட்டுமானத்தில் இருந்த கியூபெக் பாலம் 1907 ஆகஸ்ட் 29 அன்று சரிந்து 75 தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அமுக்கத்தைச் சுமந்த பெரிய எஃகு உறுப்பு ஒன்று நெளிந்ததுதான் தொடக்கம். அந்த உறுப்பு பல எஃகுத் தகடுகளை அருகருகே நிறுத்தி, பின்னல் பட்டைகளால் இணைத்து ஓருடலாக்கப்பட்டது. அந்தப் பட்டைகள் போதுமான வலுவில் இல்லை. உங்கள் மகளின் இரட்டைக் குச்சியிலும் இதே நியாயம்தான் நடக்கிறது. நடுவில் துண்டு இல்லாவிட்டால் இரண்டு குச்சிகளும் தனித்தனியே 6.7 கிலோவில் நெளியும். துண்டு இருந்தால் ஒருவரையொருவர் பிடித்துக்கொள்வார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் கணுக்களைத் தவிர நடுவில் ஒரு துண்டாவது வேண்டும். மேல்சட்டத்தின் நடுக்கட்டத்தில் இரண்டு வைப்பேன்.

குச்சியின் நீளம் தீர்ந்து அடுத்த குச்சி தொடங்கும் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொத்தனார் செங்கல் வரிசைகளை அடுக்குவதுபோல், ஒரு பக்கக் குச்சிகளின் முட்டும் இடம் மறுபக்கக் குச்சியின் நடுவில் வருமாறு மாற்றி மாற்றி வைக்க வேண்டும். இழுவிசை மிகுந்த கீழ்ச்சட்டத்தில் அப்படி முட்டும் ஒவ்வோர் இடத்திலும் 4 செ.மீ. நீளத் துண்டு ஒன்று, முட்டுக்கு இருபுறமும் 2 செ.மீ. வீதம், உள்ளே ஒட்டப்பட்டிருக்க வேண்டும். முட்டிய முனைகளுக்கு இடையே பூசிய பசை இழுவிசையில் ஏறக்குறைய ஒன்றுமே தாங்காது. குச்சியின் தட்டை முகத்தில் பிடித்த பசைதான் வேலை செய்கிறது. பாலத்தின் நட்டநடுவில் எந்த முட்டும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது பசை. கூடுதலாகப் பூசினால் வலு கூடாது, எடைதான் கூடும். ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை மரத்தின் நுண்துளைகளுக்குள் இறங்கி நாரோடு நாரைப் பிடிப்பது. இரு முகங்களிலும் மெல்லிய படலமாகத் தடவி, இறுக்கமாகச் சேர்த்து அழுத்தும்போது ஓரத்தில் சிறு மணிகளாகப் பசை துளிர்த்தால் அளவு சரி. வழிந்து ஓடினால் மிகை. துணிக் கிளிப்புகளால் இறுக்கி, 24 மணி நேரம் அசைக்காமல் விட வேண்டும். நன்றாகப் பிடித்த இணைப்பில் பசைக்கு முன் மரமே கிழியும். ஃபெவிக்விக் போன்ற உடனொட்டும் பசை நொறுங்கும் இயல்புடையது, இடைவெளியை நிரப்பாது. விதி அனுமதித்தாலும் முக்கியக் கணுக்களில் அதை வைக்காதீர்கள். துப்பாக்கியில் உருக்கி ஊற்றும் சூட்டுப் பசை சுமையின் கீழ் மெல்ல நழுவிக்கொண்டே இருக்கும், எடையும் அதிகம்.

கணு இணைப்பு எத்தனை கிலோ தாங்கும் என்பதுதான் என் கணக்கில் ஐயத்துக்குரிய பகுதி. நாரோட்டத்தின் திசையில் மரம் காட்டும் வலிமை வேறு, நாருக்குக் குறுக்கே காட்டும் வலிமை வேறு. குறுக்கே அது சில விழுக்காடாக இறங்கிவிடும். சாய்வுக் குச்சி 60 பாகையில் வந்து ஒட்டும் கணுவில் இரண்டும் கலந்திருக்கும். அதோடு ஒட்டும் கையின் நேர்த்தியும் சேர்ந்துகொள்கிறது. ஒரு முகத்தில் மட்டும் ஒட்டிய கணுவில் விசை நடுக்கோட்டிலிருந்து விலகி ஓடுவதால், குச்சியை உரித்தெடுப்பதுபோல் திருகும்; இருபுறமும் சட்டம் அணைத்த கணுவில் அந்தத் திருகல் இல்லை, ஒட்டும் பரப்பும் இரு மடங்கு. இவ்வளவு உறுதி. எண்ணைச் சோதித்துத்தான் அறிய வேண்டும். பாலத்தில் வருவது போலவே மூன்று மாதிரிக் கணுக்களைச் செய்து, உலர்ந்தபின் வாளி மாட்டித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ. மூன்றில் மிகக் குறைவாகத் தாங்கியதையே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். பாலத்தில் ஏறக்குறைய இருபது கணுக்கள் இருக்கின்றன. அவற்றில் மிக மோசமானதுதான் மதிப்பெண்ணைத் தீர்மானிக்கும்.

வாங்கிய 200 குச்சிகளையும் ஒரே மாதிரி நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொன்றையும் விளிம்பில் பார்த்து நாரோட்டம் நேராக ஓடுகிறதா, முனைக்கு வருவதற்குள் சாய்ந்து வெளியேறுகிறதா என்று கவனியுங்கள். சாய்ந்து வெளியேறும் குச்சி இழுத்தால் அந்தக் கோட்டிலேயே பிளந்துகொள்ளும். கண்ணாடிப் பரப்பில் வைத்தால் ஆடும் குச்சி ஏற்கெனவே வளைந்தது. அமுக்க உறுப்புக்கு அது உதவாது. இரு கட்டைவிரல்களால் மெல்ல வளைத்து, விறைப்பானவற்றை மேல்சட்டத்துக்கும் அமுக்கச் சாய்வுகளுக்கும் ஒதுக்குங்கள்; நேரான நாருடையவை கீழ்ச்சட்டத்துக்கு; மீதி குறுக்கு இணைப்புகளுக்கு. பாலத்துக்கு 75 முதல் 80 குச்சிகளே தேவைப்படும். பாதிக்கு மேல் ஒதுக்கித்தள்ளும் வசதி உங்களுக்கு இருக்கிறது. அதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஒட்டும் முகங்களை உப்புத்தாளால் இரண்டு இழுப்பு மட்டும் தேய்த்து, தூளைத் துடைத்துவிட்டுப் பசை தடவினால் பிடிப்பு நன்றாக இருக்கும்.

கட்டும் முறையில் ஒரே ஒரு வற்புறுத்தல்: முழு அளவில் வரைபடத் தாளில் டிரஸ்ஸை வரைந்து, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்து, இரண்டு டிரஸ்களையும் அதே வரைபடத்தின் மேல் கட்டுங்கள். கண்ணளவில் கட்டிய இரண்டு டிரஸ்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்று 2 மி.மீ. உயரமாக இருந்தாலும் பாலம் மூன்று காலில் நின்று, சுமை ஏறும்போது முறுக்கிக்கொள்ளும். முடித்தபின் கண்ணாடியின் மேல் வைத்து நான்கு கால்களும் படிகின்றனவா என்று பார்த்து, உயர்ந்ததை உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்யுங்கள்.

இரண்டு டிரஸ்களையும் நிறுத்தியபின் பலரும் வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறார்கள். மேல்சட்டம் முழுவதும் அமுக்கத்தில் இருப்பதால், 10 செ.மீ. குச்சி நெளிவதைப் போலவே 30 செ.மீ. சட்டம் முழுவதும் ஒரே வில்லாகப் பக்கவாட்டில் நெளியப் பார்க்கும். மேல் கணுக்கள் நான்கிலும் குறுக்குக் குச்சிகளும், அவற்றுக்கு இடையே வளைவு நெளிவாக மூன்று சாய்வுக் குச்சிகளும் ஒட்டினால் அந்த வழி அடைபடும். கீழ்த்தளத்திலும் நடுக்கணுவைத் தவிர மற்ற நான்கு கணுக்களில் குறுக்குக் குச்சிகளும், நான்கு சாய்வுகளும் வேண்டும். குறுக்குக் குச்சியை 6 செ.மீ. அளவுக்கு வெட்டும்போது மிஞ்சும் 5 செ.மீ. துண்டுகளை எறியாதீர்கள்; இடைவெளித் துண்டுகளுக்கு அவையே போதும். பாலத்தின் வழியே பொம்மை வண்டி போக வேண்டும் என்ற விதி இல்லாவிட்டால், இரு முனைகளிலும் சரிந்து இறங்கும் முகப்பில் பெருக்கல் குறிபோல் இரண்டு குச்சிகளை ஒட்டுங்கள். மேல்தளம் மொத்தமாக ஒரு பக்கம் சாய்வதை அதுதான் தடுக்கிறது. பந்தலில் மூலைக்கு மூலை கட்டிய கழியின் வேலை இங்கே மீண்டும் வருகிறது.

வாளி தொங்கும் இடத்தை நான் கடைசியில் எழுதினாலும், வடிவமைக்கும்போது முதலில் சிந்திக்க வேண்டியது அதுவே. ஓர் ஆண்டு நான்கு மாணவர்கள் மூன்று வாரம் உழைத்து மிக நேர்த்தியான பாலம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஒன்பது கிலோ ஏறியதும் படாரென்று சத்தம். வாளி தரையில் கிடந்தது, பாலம் ஒரு கீறலும் இல்லாமல் மேசையில் நின்றது. கொக்கியைத் தாங்கிய ஒற்றைக் குறுக்குக் குச்சி மட்டும் தட்டையாகக் கிடத்தப்பட்டிருந்ததால் முறிந்துபோயிருந்தது. அந்த மாணவிகளில் ஒருவர் அழாமல் நின்ற முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. அவர்களை முன்கூட்டியே எச்சரிக்காதது என் தவறு என்றே இன்றும் கருதுகிறேன். அதனால் இந்தக் கணக்கைத் தவறாமல் செய்யுங்கள். 6 செ.மீ. அகலத்தின் நடுவில் 40 கிலோ தொங்கும்போது, தட்டையாகக் கிடத்திய குச்சி விளிம்பில் நிறுத்திய குச்சியின் ஐந்தில் ஒரு பங்குதான் வளைவைத் தாங்கும். விளிம்பில் நிறுத்திய குச்சிகளே மூன்று தேவைப்படும். நான்கை ஒன்றாக ஒட்டி நடுக்கணுக்களின் மேல் நிமிர்த்தி உட்கார வையுங்கள். கொக்கியின் இரும்பு மரத்தைக் கடிக்காமலிருக்க அதன் கீழ் ஒரு குட்டித் துண்டு. வாளியை எதில் மாட்டுவார்கள், கொக்கி எவ்வளவு தடிமன், மேலே ஏதேனும் பலகை வைப்பார்களா என்பதையெல்லாம் ஆசிரியரிடம் இப்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நம் ஊரின் காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் கடலோரக் காற்றிலிருந்து மரம் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் ஏறிய மரம் வலுவும் விறைப்பும் குறையும், எடை கூடும்; 100 கிராம் பாலத்தில் நான்கைந்து கிராம் ஈரமாக ஏறுவது இயல்பே. எடையால் வகுக்கும் போட்டியில் இரு வழியிலும் நட்டம். குச்சிகளை ஒட்டுவதற்கு முன் ஒரு நல்ல வெயில் நாளில் காயவையுங்கள். முடிந்த பாலத்தைக் கடும் வெயிலில் வைக்காதீர்கள், குச்சிகள் முறுக்கிக்கொள்ளும். மருந்துப் பெட்டிகளிலும் காலணிப் பெட்டிகளிலும் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைச் சேர்த்து வைத்து, மூடிய பிளாஸ்டிக் பெட்டியில் பாலத்தோடு இரண்டு நாள் வைத்திருந்தால் போதும். மழை நாளில் ஒட்ட நேர்ந்தால் பசை உலர 24 மணி நேரம் போதாது, 48 விடுங்கள். வெள்ளைப் பசையில் ஏறத்தாழப் பாதி நீர்தான்; அது வெளியேறும் வரை இணைப்பு முழு வலுவுக்கு வராது, எடையும் இறங்காது.

இந்த முறையில் கட்டினால் பாலம் 100 முதல் 110 கிராமுக்குள் முடியும். 150 வரை அனுமதி இருக்கிறதே என்று மீதியை நிரப்ப வேண்டியதில்லை. 40 கிலோ என்று நான் கணக்கிட்டது ஓர் இலக்கு. நெளிவைப் பொறுத்தவரை இந்த உறுப்புகள் அதைவிட வெகுவாக அதிகம் தாங்க வேண்டும். ஆனால் கணுக்களின் நேர்த்தியைப் பொறுத்து உண்மையில் 25 கிலோவிலும் உடையலாம், 60 கிலோவையும் தாண்டலாம். இந்த வீச்சைக் குறைக்கும் வழி ஒன்றுதான்: நேரம் இருந்தால் இரண்டு பாலங்கள் கட்டுங்கள். முதலாவதை வீட்டிலேயே உடையுங்கள். வாளிக்கு அடியில் மடித்த சாக்கை விரித்து, கால்களைத் தள்ளி வைத்து, கண்ணுக்குக் கண்ணாடி அணிந்து, மணலைக் குவளை குவளையாகச் சீராகக் கொட்டுங்கள். மேலிருந்து கொட்டென்று போட்டால் அந்த அதிர்ச்சியே ஒரு தனிச் சுமை. முடிந்தால் கைப்பேசியை மெதுநகர்வில் படம்பிடிக்க வையுங்கள், உடைவது கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும்.

பிறகு உடைந்த துண்டுகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி மேசையில் வரிசையாக வைத்து, உங்கள் மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒட்டிய முகம் வழுவழுப்பாக, பசை ஏடுபோல் உரிந்திருந்தால் ஒட்டும்போது அழுத்தம் போதவில்லை, அல்லது பசை பிடிக்கும் முன்பே காய்ந்துவிட்டது. முகத்தில் மரநார் கிழிந்து ஒட்டிக்கொண்டிருந்தால் பசை தன் வேலையைச் செய்துவிட்டது. அந்தக் கணுவில் ஒட்டும் பரப்பைத்தான் பெரிதாக்க வேண்டும். குச்சி நடுவில் வில்லாக வளைந்து ஒரு பக்கம் மட்டும் நார் தெறித்து நின்றால் நெளிவு. அங்கே ஒரு முதுகெலும்பு கூடுதலாக வேண்டும். உடையாமல் முழுதாகக் கிடக்கும் இரட்டிப்புக் குச்சிகள் அடுத்த பாலத்தில் மெலிக்கக் கூடியவையா என்று பாருங்கள். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டாவது பாலத்தை அவரே வரையட்டும். வரைந்ததும் அளவுகளோடு இங்கே பகிர்ந்தால், கணக்கைச் சரிபார்த்துத் தருகிறேன்.